ஊட்டி ஏறும்போது கார் உறுமுவது ஏன்? பானெட்டுக்குள் இருக்கும் 'காலி டப்பா'வின் வேலை

மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு, கல்லாறு தாண்டி குன்னூர் மலைப்பாதையில் ஏறுகிறீர்கள். செகண்ட் கியர். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முன்பக்கத்திலிருந்து 'ஹூம்ம்' என்று ஓர் உறுமல். சைலன்சர் பின்னாடிதானே இருக்கு, சத்தம் ஏன் முன்னாடி வருது?

இன்ஜின் புகையை வெளியே விடும்போது மட்டுமல்ல, காற்றை உள்ளே இழுக்கும்போதும் சத்தம் போடும். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை மூச்சிழுக்கும். 3,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, 100 இழுப்பு. அந்த 100 ஹெர்ட்ஸ்தான் நம் காதில் உறுமலாக விழுகிறது.

மலையில் ஏன் அதிகம்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு பவர் குறையும்; நாம் இன்னும் அழுத்தி மிதிப்போம். சமவெளியில் பாதி சாத்திய கதவுபோல் சத்தத்தைத் தடுத்து நிற்கும் த்ராட்டில், இப்போது முழுசா திறந்துவிடும்.

சோடா பாட்டில் கணக்கு

இந்தச் சத்தத்தை அடக்கத்தான் காற்றுக் குழாயின் பக்கவாட்டில் 'ரெசனேட்டர்' என்ற பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. காலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரே சுருதி வருமே, அதே தத்துவம். டப்பாவின் சுருதி உறுமலின் சுருதியோடு ஒத்துப்போனால், உள்ளிருக்கும் காற்று எதிர்த்து அசைந்து, வெளியே வரும் ஒலி அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

100 ஹெர்ட்ஸை ஒரு முனை மூடிய நேர்க்குழாயால் அடக்க வேண்டுமானால் 85 செ.மீ. நீளம் தேவை. பானெட்டுக்குள் அவ்வளவு இடம் ஏது? அதற்குப் பதில் 4 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. நீளமும் உள்ள கழுத்து வைத்தால், 3 முதல் 4 லிட்டர் டப்பா போதும். மூன்று சிலிண்டர் காரில் அதே வேகத்தில் வருவது 75 ஹெர்ட்ஸ். அதனால் ஒரு காரின் டப்பா இன்னொன்றுக்குச் சரிப்படாது.

மலை உயரத்தில் இந்தச் சுருதி மாறாதா? காற்றழுத்தம் குறைவதால் மாறாது. குளிரால் கொஞ்சம் மாறும். ஒலியின் வேகம் 35 டிகிரியில் நொடிக்கு 352 மீட்டர், 10 டிகிரியில் 337. சுருதி 4 சதவீதம்தான் இறங்கும்.

கழட்டினால் பவர் கூடுமா?

'டப்பாவைக் கழட்டிட்டு ஓபன் ஃபில்டர் போடு, பவர் எகிறும்' என்று நண்பர்கள் சொல்வதுண்டு. ஆனால், ரெசனேட்டர் ஒரு பக்கக் கிளை. இன்ஜினுக்குப் போகும் காற்று அதன் வழியாகப் போவதே இல்லை. எனவே, அதை எடுப்பதால் கூடுதல் காற்று கிடைக்காது. ஓபன் ஃபில்டரோ பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். சூடான காற்றின் அடர்த்தி குறைவு. ஏற்கெனவே காற்று மெலிந்த மலையில் இது இன்னும் நஷ்டம். சத்தம் கூடுவதைத்தான் பவர் கூடியதாக நம் காது நம்பிவிடுகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பு நிறுவனம் தந்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஒலி மாசு விதியை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கல்லாறு யானைகள் சாலையைக் கடக்கும் இடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சர்வீஸ் முடிந்து வந்த காரில் திடீரென உறுமல் கூடினால், டப்பாவும் குழாய் கிளிப்பும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டருக்குப் பின்னால் குழாய் கழன்றிருந்தால், சத்தத்தோடு தூசியும் நேராக இன்ஜினுக்குள் போகும்.