கடலடியில் ஒரு கணக்கெடுப்பு

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பானையில் உள்ள பருக்கைகளை எல்லாம் நசுக்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டைப் பார்த்தாலே போதும். விஞ்ஞானத்தில் இதற்கு 'மாதிரி எடுத்தல்' என்று பெயர். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானை முழுவதும் சோறு ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். மேலே வேகாமலும் அடியில் குழைந்தும் இருந்தால், எந்த இடத்துப் பருக்கையை எடுத்தோம் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடும்.

இனி, பானைக்குப் பதிலாகக் கடலை எடுத்துக்கொள்வோம். வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகுகள் வலை வீசும் கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது? எவ்வளவு இறால்? எவ்வளவு சிப்பி? கடல் கலக்கிவிட்ட பானை அன்று. உயிரினங்கள் ஓரிடத்தில் குவிந்திருக்கும். பக்கத்திலேயே ஒன்றும் இல்லாமல் வெறிச்சோடியும் கிடக்கும். போதாக்குறைக்கு, மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

இந்தக் கேள்வி வெறும் ஆர்வத்துக்காக எழுந்தது அன்று. நம் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்து வளர அவகாசம் தருவதே இதன் நோக்கம். அந்த நாட்களில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வழக்கமான வருமானம் நின்றுவிடுகிறது. இவ்வளவு பெரிய தியாகத்தால் கடலில் எவ்வளவு பெருகியது என்று சொல்ல வேண்டுமானால், யாராவது முறையாக எண்ணியிருக்க வேண்டும் அல்லவா?

பிடிப்பு வேறு, இருப்பு வேறு

"கரைக்கு வரும் மீனை எடை போட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கணக்கும் எடுக்கப்படுகிறது. 1947-இல் சென்னையில் தொடங்கப்பட்டு, இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கரையோர மீன் இறங்குதளங்களில் இதைச் செய்கிறது. எல்லா நாளும் எல்லாப் படகையும் எடை போட முடியாது. ஆகவே சில நாட்களையும், அந்நாட்களில் கரை சேரும் படகுகளில் சிலவற்றையும் குறிப்பிட்ட விதிப்படி தேர்ந்தெடுத்து, அவற்றின் பிடிப்பிலிருந்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். படகுக்காரர்கள் கூடையைக் காட்டி, எங்கே எத்தனை மணி நேரம் வலை இழுத்தோம் என்று சொன்னால்தான் இது நடக்கும்.

ஆனால் ஒருவர் வங்கியிலிருந்து மாதாமாதம் எவ்வளவு பணம் எடுக்கிறார் என்பதை மட்டும் வைத்து, அவர் கணக்கில் மீதி எவ்வளவு என்று சொல்ல முடியுமா? முடியாது. மீனவர் அனுபவசாலி; மீன் குவிந்திருக்கும் இடத்துக்கே அவர் செல்வார். கடலில் மொத்த இருப்பு பாதியாகக் குறைந்த பின்னும், மிஞ்சிய குவியலில் அவருக்கு வலை நிறையக் கிடைக்கலாம். ஆகவே இருப்பை அறியக் கடலுக்குள்ளேயே சென்று எண்ண வேண்டும்.

முத்துப் பார் காட்டிய பாடம்

இந்த வேலை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச் சிப்பிகள் ஒட்டி வாழும் பாறைத் திட்டுகளுக்கு 'பார்' என்று பெயர். முத்துக் குளிப்பை அறிவிக்கும் முன், அரசு அதிகாரிகள் படகில் சென்று பார்களைச் சோதிப்பது வழக்கம். உடன் செல்பவர்கள் முத்துக் குளிப்பவர்களே. அவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, கைக்கு அகப்பட்டதைக் கொண்டு வருவார்கள். ஒரு முழுக்குக்கு எத்தனை சிப்பி என்று குறித்துக்கொள்வார்கள். மாதிரிச் சிப்பிகளில் கிடைக்கும் முத்துக்களை மதிப்பிட்ட பிறகே குளிப்பு நடத்துவதா, கூடாதா என்று முடிவு செய்வார்கள்.

இந்த முறையில் ஒரு குறை இருப்பதைக் கவனித்தீர்களா? 'ஒரு முழுக்குக்கு 40' என்பது குளிப்பவரின் மூச்சையும் கைத்திறனையும் பொறுத்தது. அவர் எத்தனை சதுர மீட்டர் பரப்பைத் துழாவினார் என்பது அதில் இல்லை. நமக்கு வேண்டியது அடர்த்தி. அதாவது ஒரு சதுர மீட்டரில் எத்தனை என்ற எண். அது கிடைத்தால் பாரின் பரப்பால் பெருக்கி மொத்தத்தைக் கண்டுவிடலாம்.

இன்னொரு பாடமும் உண்டு. 1902 மார்ச்சில், இலங்கைக் கரையை ஒட்டிய 'பெரிய பார்' என்னும் திட்டில் ஹெர்ட்மன் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலறிஞர் எண்ணிலடங்காத இளஞ்சிப்பிகளைக் கண்டார். அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் சோதித்தபோது அவை மறைந்துவிட்டிருந்தன. இடையில் வீசிய தென்மேற்குப் பருவக்காற்றின் அலைவேகம் அவற்றை வாரிச் சென்றிருந்தது. ஒருமுறை எண்ணினால் போதாது, திரும்பத் திரும்ப எண்ண வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துக் குளிப்பும் அத்துடன் நின்றுபோயிற்று.

விசிறிச் சிப்பி

எண்ணும் முறையும் எண்ணுவோரின் ஒற்றுமையும் நன்கு பொருந்திய ஒரு நிகழ்ச்சியை இனிக் காண்போம். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் 'ஜார்ஜஸ் பேங்க்' என்னும் ஆழங்குறைந்த கடல்மேடு உள்ளது. அங்கே 'ஸ்காலப்' என்ற சிப்பி ஏராளம். விசிறியை விரித்தாற்போன்ற ஓடு கொண்டது இது. 'ஷெல்' எண்ணெய் நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பது இந்த இனச் சிப்பியின் உருவமே.

பௌதிக மாணவர்கள் விரும்பக்கூடிய பிராணி இது. ஓடுகளைப் படக்கென்று மூடி நீரைப் பீய்ச்சித் தள்ளும். நீர் ஒரு பக்கம் பாய, சிப்பி மறுபக்கம் நகரும். நியூட்டனின் மூன்றாம் விதிதான்! விளிம்பில் ஏறத்தாழ 200 வரை சிறுசிறு கண்கள் உண்டு. ஒவ்வொன்றின் பின்புறமும், பிரதிபலிப்புத் தொலைநோக்கியில் உள்ளது போன்ற ஒரு குழியாடி இருக்கிறது.

இரும்புச் சட்டமும் சங்கிலி வலையும் கொண்ட வாரியைக் கடலடியில் இழுத்து இதைப் பிடிக்கிறார்கள். 1994 டிசம்பரில் அந்த மேட்டின் மூன்று பெரும் பகுதிகள் மூடப்பட்டன. அருகிவந்த வேறு மீன்களைக் காப்பதற்காகவே அந்தத் தடை வந்தது என்றாலும், ஸ்காலப் படகுகளும் உள்ளே செல்லக்கூடாது என்றாயிற்று. ஆண்டுகள் சென்றன. உள்ளே சிப்பி பெருகியிருக்கும் என்று படகுக்காரர்கள் நம்பினார்கள். திறந்தால் அழிந்துவிடுமோ என்று மற்றவர்கள் அஞ்சினார்கள். வாதத்தால் தீராத இந்த வழக்கை எண்தான் தீர்க்க முடியும்.

1998 ஜூலையில் அளந்து பார்த்தபோது, மூடிய பகுதிகளில் பிடிக்கத் தக்க அளவு ஸ்காலப்பின் அடர்த்தி, பக்கத்துத் திறந்த பகுதிகளைப்போல் 14 மடங்கு இருந்தது. மீன்பிடிக் கப்பல்களே விஞ்ஞானிகளை ஏற்றிச் சென்று மூடிய பகுதியில் கணக்கெடுக்க உதவின. 1999 ஜூனில் ஒரு பகுதி, அளவு விதித்து, திறந்துவிடப்பட்டது.

படம் பிடிக்கும் கூம்பு

வாரியால் எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. 4.5 மீட்டர் அகலமுள்ள வாரியை 2 கிலோமீட்டர் இழுத்தால் 9,000 சதுர மீட்டர் பரப்பை வாரியதாகும். ஆனால் வழியில் இருந்த சிப்பிகளில் எத்தனை வாரிக்குள் வந்தன, எத்தனை அடியில் நழுவின?

இதற்கு மாற்றாக, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தைச் சேர்ந்த கெவின் ஸ்டோக்ஸ்பரி குழுவினர், 1999 முதல் நியூ பெட்ஃபோர்டு மீனவர்களுடன் சேர்ந்து வீடியோ காமிராவால் எண்ணத் தொடங்கினர். கூம்பு வடிவ எஃகுச் சட்டத்தில் காமிராவும் விளக்குகளும் பொருத்தி, கடலடியில் உட்கார வைக்கிறார்கள். விளக்கு எதற்கு? நீர் முதலில் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும். ஆழம் செல்லச் செல்ல மற்ற நிறங்களும் மங்கும். காமிரா அடித்தளத்துக்கு அருகில் இருப்பதும் இதனால்தான்.

ஒரு படத்தில் தெரியும் பரப்பு சுமார் 2.8 சதுர மீட்டர். ஓர் இடத்தில் நான்கு படங்கள், ஆக 11.2 சதுர மீட்டர். அடுத்த இடம் 5.6 கிலோமீட்டர் தள்ளி. ஆகவே ஓர் இடம் ஏறத்தாழ 31 சதுர கிலோமீட்டருக்குப் பிரதிநிதியாகிறது. வகுத்துப் பாருங்கள்: உண்மையில் பார்ப்பது 28 லட்சத்தில் ஒரு பங்குதான்!

இவ்வளவு சிறு மாதிரியை நம்பலாமா? நம்பலாம், ஏனென்றால் இத்தகைய இடங்கள் பல உள்ளன, அவற்றைத் தேர்ந்தெடுத்தது மனிதரின் விருப்பம் அன்று, கட்டம் போட்ட வரைபடம். பொதுவாக, மாதிரிகளின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாகும். ஆனால் சிப்பி நிறைய உள்ள இடமாகப் பார்த்து இறக்கினால், எத்தனை ஆயிரம் படம் எடுத்தாலும் பிழை குறையாது.

யார் எண்ணுவது?

இந்த ஆய்வில் படகுக்காரர்கள் கப்பலையும் ஆட்களையும் எரிபொருளையும் தாமே தந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர், அனுமதிக்கப்பட்ட பிடிப்பில் ஒரு சிறு பங்கை ஆராய்ச்சிச் செலவுக்கென ஒதுக்கும் ஏற்பாடும் வளர்ந்தது. கடலின் நீரோட்டம், கயிறு, விசை எல்லாம் மீனவருக்கு அத்துபடி. எங்கே இறக்குவது என்பதை மட்டும் வரைபடம் சொல்லும். திரையில் தெரியும் சிப்பியை இருவரும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். பிறகு வரும் எண் பெரிதானாலும் சிறிதானாலும், "நீங்களாகச் சொன்ன கணக்கு" என்று ஒருவர் மற்றவரைக் குறை கூற இடமில்லை.

எண்ணூரின் கேள்வி

நம் கரைக்குத் திரும்புவோம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படர்ந்தது. முகத்துவாரத்தை நம்பி வாழும் மீனவர்கள், "எங்கள் இறாலும் நண்டும் போயின" என்றால், "எவ்வளவு இருந்தது?" என்ற கேள்வி உடனே எழும். அதற்கு விடை விபத்துக்கு முந்திய கணக்கில்தான் கிடைக்கும். விபத்துக்குப் பின் எவ்வளவு கவனமாக எண்ணினாலும் அது கழித்தலின் ஒரு பாதியே.

எண்ணூரின் கலங்கிய நீரில் காமிரா உதவாமல் போகலாம். ஆனால் சேற்றில் கிடக்கும் மட்டியையும் பாறையில் ஒட்டியுள்ள ஆளியையும் எண்ண, நீர் வற்றும் நேரமும், ஒரு சதுரச் சட்டமும், கட்டம் போட்ட வரைபடமும், அந்த இடத்தை அறிந்த மீனவரும் போதும். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடங்களில் எண்ணிவர வேண்டும். அவ்வளவே.

செய்து பாருங்கள்

வகுப்பறைத் தரையில் 2 மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒன்று வரைந்து, அதை 100 கட்டங்களாகப் பிரித்து எண்ணிடுங்கள். நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் புளியங்கொட்டைகளை எண்ணி, சில இடங்களில் நெருக்கமாகவும் சில இடங்களில் அரிதாகவும் பரப்பட்டும்.

முதலில் நீங்கள் விரும்பிய 10 கட்டங்களில் எண்ணி, 10-ஆல் பெருக்குங்கள். பிறகு சீட்டுக் குலுக்கி 10 கட்டங்களை எடுத்து, அவ்வாறே செய்யுங்கள். குலுக்கலைப் பலமுறை செய்து சராசரியும் காணுங்கள். கடைசியில் நண்பரிடம் உண்மையான எண்ணைக் கேளுங்கள். கண்ணுக்குப் பிடித்த கட்டங்கள் எவ்வளவு தவறின, குலுக்கல் கட்டங்கள் எவ்வளவு தவறின என்பதை ஒரு தாளில் அருகருகே எழுதிப் பாருங்கள்.