எருமைப் பாலும் கிரேக்கரின் பொரித்த பாற்கட்டியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையில் அமைந்தமையாற் படுவான்கரை எனப் பெயர் பெற்ற நிலப்பரப்பிலே பழுகாமம் என்னும் தொன்மையான ஊர் உள்ளது. நெல்வயலும் மாட்டுப் பட்டியும் இப்பகுதி மக்களின் இரு பெருஞ் செல்வங்கள். சட்டியிலே தோய்த்த எருமைத் தயிருக்கு மட்டக்களப்பு பெயர் பெற்றதும் இதனாலேயே. ஆயினும் பாலுக்கு ஒரு குறை உண்டு, அது காத்திராது. காலையிற் கறந்த பால் காய்ச்சப்படாவிடின் நண்பகல் வெப்பத்திலே திரியத் தொடங்கும். தயிரோ சில நாள்களிற் புளித்துவிடும். மாரி வெள்ளத்தாற் பாதை தடைப்படும் நாள்களில் விலைப்படாத பாலை என் செய்வது?

இத்தகைய வினாவுக்குக் கிரேக்க நாட்டு இடையர் பன்னெடுங் காலத்துக்கு முன்பே விடை கண்டனர். பாலை உறையச் செய்து, நீரை வடித்து, உப்பிட்டுக் கட்டியாக்கினர். ஆட்டுப் பாலிலிருந்து அவர்கள் செய்யும் கெபலோதிரி என்னும் பாற்கட்டி உவர்ப்பும் உறுதியும் மிக்கது. அதனைத் துண்டாக வெட்டி, மாவிற் புரட்டி, இரு கைப்பிடி கொண்ட சிறு தாச்சியிலே பொரிப்பர். அத்தாச்சியின் பெயரே உணவுக்கும் ஆகிச் சகனாக்கி என வழங்குகின்றது.

கெபலோதிரியை மாதக் கணக்கில் முதிரவிடல் வேண்டும். நம் அடுக்களைக்கு அது எளிதன்று, தேசிக்காய் எளிது. பாற்கட்டிகளுட் சில தாச்சியில் இளகி வழிந்துவிடும். ஆனால், பாலைக் கொதிக்கக் காய்ச்சும்போது, வடிநீரோடு செல்லவேண்டிய புரதங்களும் கேசீன் என்னும் புரதத்தோடு பிணைகின்றன. சூடு ஆறுமுன் புளி சேர்த்துத் திரித்த கட்டி ஆகையால் உருகாது. வட இந்தியரின் பனீரும் இவ்வகையினதே. பசுப்பாலில் நூற்றுக்கு நான்கு பங்களவும், எருமைப் பாலில் ஏழு பங்களவும் கொழுப்பு இருத்தலால், பின்னதிற் கட்டியும் மிகுதி, மென்மையும் மிகுதி.

புளிக்காத எருமைப் பால் 2 லீற்றரைக் காய்ச்சி இறக்கிச் சில நிமிடங்கள் ஆறவிடல் வேண்டும். 4 மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியிற் சம அளவு நீர் கலந்து, சிறிது சிறிதாக ஊற்றி மெல்லக் கிளறுக. பால் திரிந்து, பசுமை சார்ந்த தெளிநீர் பிரிந்ததும் புளியை நிறுத்தலாம். துணியில் வடித்து, உப்பிட்டுப் பிசைந்து, மூட்டையாகக் கட்டி, அம்மிக் குழவி போன்ற பாரத்தின் கீழ் மூன்று மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய 400 கிராம் கட்டி கிடைக்கும். கிரேக்கரின் உவர்ப்பை வேண்டுவோர், கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து, அதிற் கட்டியை இட்டு ஓரிரவு குளிர்ப்பெட்டியில் வைக்கலாம்.

பின்னர் விரற்கடைத் தடிப்பில் வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றிக் கோதுமை மாவிற் புரட்டுக. ஈரம் நின்றால் எண்ணெய் தெறிக்கும். மாவோ எஞ்சிய ஈரத்தை உறிஞ்சி மொறுமொறுப்பான மேற்றோலாகும். நன்கு காய்ந்த எண்ணெயில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம் பொரித்து, பொன்னிறமானதும் தேசிக்காய் பிழிந்து சூட்டோடு பரிமாறுக.

இக்கட்டி முதிர்ந்த கிரேக்கக் கட்டிபோல நெடுநாள் நில்லாது. குளிர்ப்பெட்டியிற் சில நாள் வைக்கலாம். அஃதில்லாத இல்லங்களில் அன்றே உண்ணல் நன்று. வடிந்த நீரையும் வீணாக்காது ரொட்டிக்கு மாப் பிசையலாம். கறந்த பாலில் ஒரு துளியும் மண்ணிற் போகாதபடி காப்பதே பட்டிக்காரரின் உழைப்புக்கு அடுக்களை செய்யும் மதிப்பாகும்.