தகப்பனாருக்கு முன்னே ஒரு சைக்கிள்

பிரிட்டன் தீவின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் பிரதேசத்தின் கருங்கல் பாறைகள் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டு நிற்கும் லாண்ட்ஸ் எண்ட் என்னும் முனையிலிருந்து, ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூலையில் ஆர்க்னி தீவுகளை நோக்கியபடி அமைந்த ஜான் ஓ கிரோட்ஸ் என்னும் சிற்றூர் வரைக்கும் சைக்கிளில் செல்வதென்பது, அந்நாட்டாரிடையே பல தலைமுறைகளாக ஒரு விரதத்தைப்போல் அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. பிரசித்தமான சாலைக் கணக்கு 874 மைல், அதாவது சுமார் 1,407 கிலோமீட்டர். லாரிகள் விரையும் பெருஞ்சாலைகளை விலக்கிக் கிராமத்து வழிகளில் சுற்றிப் போகிறவர்களுக்கு அது 1,500-ஐயும் தாண்டும். அத்தீவில் தென்மேற்குக் காற்றே மிகுதியாதலால், காற்று முதுகைத் தள்ளட்டும் என்று பெரும்பாலோர் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே புறப்படுகிறார்கள்.

இந்த யாத்திரையைத் தகப்பனாரோ தாயாரோ, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையைத் துணைகொண்டு, பத்துப் பதினான்கு நாளில் முடிப்பதுண்டு. இளம் வயதினருக்கு இது தகுமா என்று சந்தேகிக்கிறவர்கள், 1886-ஆம் ஆண்டில் ஜி. பி. மில்ஸ் என்ற பத்தொன்பது வயது இளைஞர், முன்சக்கரம் மார்பளவு உயரத்துக்கு நிற்கும் அந்தக் காலத்து வண்டியில் ஏறி, 5 நாள் 1 மணி 45 நிமிஷத்தில் இதே தூரத்தைக் கடந்ததை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் மில்ஸ் பந்தய வீரர். குடும்பப் பிரயாணத்தில் வேகம் பிரதானமன்று.

வழியின் சுபாவத்தை அறியாதவர்கள் ஸ்காட்லாந்து மலைகளை எண்ணி அஞ்சுவார்கள். உண்மையில் பிள்ளைகளின் மனம் தளருவது முதல் மூன்று நாளில், கார்ன்வாலிலும் டெவனிலும்தான். அங்கே ஒரு மேடு ஏறி மூச்சு வாங்குவதற்குள் சாலை செங்குத்தாக ஓர் ஓடைக்குள் இறங்கி, மறுகரையில் அதே செங்குத்தாக மீண்டும் ஏறும்; ஏறிய உயரம் எதுவும் கைவசம் நிற்பதில்லை. அதற்கு மாறாக, ஸ்காட்லாந்தில் சுமார் 460 மீட்டர் உயரமுள்ள டிரமோக்டர் கணவாய், நெடுந்தூரத்துக்கு மெல்ல மெல்லத்தான் உயர்கிறது. ஆகையால் டெவனைத் தாண்டிய பிள்ளை பெரும்பாலும் வடகோடியை எட்டிவிடும் என்றே நான் கருதுகிறேன்.

வளருகிற முழங்காலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வாலிபம் தலையெடுக்கும் பருவத்தில் எலும்பு விரைந்து நீளுகிறது. தசைநார் எலும்பைப் பற்றும் இடம் இன்னும் முதிராமல் இருக்கிறது. கனமான கியரை அழுத்தி மிதிப்பதால் அவ்விடம் நோகக்கூடும் என்ற எண்ணத்தாலேயே, சர்வதேசப் பந்தயங்களில் இளையோர் பிரிவினருக்குப் பெடலின் ஒரு சுற்றுக்கு 7.93 மீட்டருக்கு மேல் வண்டி நகரலாகாது என்ற விதி 2022 முடிய வழக்கிலிருந்தது. யாத்திரை செய்கிறவர்களுக்கு அந்த விதி இல்லாவிட்டாலும் அதன் கருத்து மிகவும் உதவும்: இலகுவான கியரில் வேகமாகச் சுழற்றச் சொல்லிப் பழக்குவதும், பிள்ளை வளர வளர சீட்டின் உயரத்தைச் சரிபார்ப்பதும், பசி எடுக்கு முன்பே மணிக்கொரு தரம் ஏதேனும் உண்ணக் கொடுப்பதும் பெரியவர் கடமை.

செவர்ன் பாலம், ஷ்ரூஸ்பரி, ஷாப் மேடு, கார்லைல், எல்லைப்புறத்துக் கிரெட்னா என்று நடுவழி விரைவில் கழிந்துவிடும். மனம் தங்குவது லேர்க் என்ற ஊருக்கு வடக்கே. அங்கிருந்து டங் என்ற கடற்கரைக் கிராமம் வரை சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரே ஒரு வண்டி செல்லும் அகலமே உள்ள சாலை. எதிரே கார் வந்தால் ஒதுங்க ஆங்காங்கே சிறு இடம் விட்டிருப்பார்கள். நடுவில் கிராஸ்க் என்னுமிடத்தில் ஒரு சத்திரமும், 1995 டிசம்பரில் மைனஸ் 27.2 டிகிரிக் குளிர் பதிவான ஆல்ட்னஹாரா என்ற குக்கிராமமும் தவிர வேறில்லை. அதற்குக் கிழக்கே, 2024-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த சதுப்பு நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது.

இந்த ஏகாந்த வெளியில்தான் முன்னே போகிறவர் மாறவேண்டும். சமதளத்தில் சைக்கிள்காரருடைய பலத்தைப் பெரும்பாலும் விழுங்குவது காற்றின் எதிர்ப்பே. முன்சென்றவரின் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வருகிறவருக்கு அந்தச் சிரமம் கணிசமாகக் குறைகிறது. ஆகவே முதல் வாரத்தில் தகப்பனார் காற்றைக் கிழித்துக் கொண்டு செல்லப் பிள்ளை பின்தொடருவது நியாயமே. ஆனால் பத்து நாள் மிதித்து உரம் ஏறிய கால்கள் பிள்ளைக்கும், களைப்பு ஏறிய கால்கள் பெரியவருக்கும் வாய்த்திருக்கும் இந்தக் கட்டத்தில், வரைபடத்தையும் முன்னிடத்தையும், எங்கே நிற்பது, எங்கே உண்பது என்று தீர்மானிக்கும் உரிமையையும் சேர்த்துப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் வருவதற்குப் பெரியவருக்கு மனம் வரவேண்டும். அது வராமல், கடைசி மைல் வரைக்கும் தாமே வழிகாட்டியாக இருப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிற பெற்றோர், பிள்ளையை ஊர் சேர்த்துவிடுவார்கள். ஊர் சேர்ந்த பெருமையை மட்டும் அதற்குக் கொடுக்க மாட்டார்கள்.

டங்கிலிருந்து ஜான் ஓ கிரோட்ஸ் சுமார் 100 கிலோமீட்டர். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகும் அங்கே வெளிச்சமிருப்பதால் அவசரம் வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்தால் ஒரு கைகாட்டி மரமும், சிறு துறைமுகமும், சில கடைகளும்தான். தீவின் வடமுனைகூட அதுவன்று. அந்தப் பெருமை மேற்கேயுள்ள டன்னட் ஹெட் பாறைக்கு உரியது. ஏமாற்றமடைகிறவர்களுக்கு நான் சொல்லுவது, கிழக்கே இன்னும் 3 கிலோமீட்டர் மிதித்து, கடலுக்குள் கூர்ங்கோபுரங்களாகப் பாறைகள் எழுந்து நிற்கும் டங்கன்ஸ்பி ஹெட்டைப் பாருங்கள் என்பதே. ஜான் ஓ கிரோட்ஸில் ரயில் இல்லை. விக் நிலையம் சுமார் 27 கிலோமீட்டர் தெற்கே. இன்வர்னெஸ் போகும் அந்த ரயிலில் சைக்கிளுக்கு இடம் சொற்பமானதால், முன்கூட்டியே பதிவு செய்து வைப்பது அவசியம். அந்தப் பதிவையும் பிள்ளையே செய்யட்டும்.