தாத்தா ராஜாஜி

கடல் கடந்து வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு குறை உண்டு. தாத்தாவின் பெயரைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு அவர் பிறந்த ஊர் தெரிவதில்லை. ஊர் தெரிந்தாலும், எந்த ஆண்டில், எந்தக் கப்பலில், எக்காரணம் பற்றி அவர் இத்தீவுக்கு வந்தார் என்பது தெரிவதில்லை. கராச்சர்மாவில் நாம் வாழும் வீதிகளிலேயே இதைக் காண்கிறோம். இக்குறையை எண்ணும்போதெல்லாம் ஒரு பெரியவரின் குடும்ப வாழ்க்கை நம் நினைவுக்கு வருகிறது. அவர் மூதறிஞர் ராஜாஜி.

ராஜாஜியை முதலமைச்சராக அறிவோம்; சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக அறிவோம். அவருடைய அரசியலை ஏற்காதோர் நம்மிடையே பலர். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதையும், 1953இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தையும் தமிழர் எளிதில் மறந்துவிடவில்லை. அவற்றை இங்கு ஆராயப் புகவில்லை. அவர் தந்தையாகவும் தாத்தாவாகவும் வாழ்ந்த வாழ்க்கையை மட்டுமே ஈண்டு எழுதுகிறோம்.

1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் ராஜாஜி பிறந்தார். தந்தையார் அவ்வூர் முன்சீப். சட்டம் பயின்று, சேலத்தில் வழக்கறிஞராகி, நல்ல வருவாயும் பெயரும் பெற்றார். அலமேலு மங்கம்மாளை மணந்து மூன்று ஆண்மக்களுக்கும் இரு பெண்மக்களுக்கும் தந்தையானார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் அவ்வம்மையார் காலமானார். அப்போது ராஜாஜிக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. அந்நாளில் அவர் நிலையிலிருந்த ஆடவர் மறுமணம் செய்துகொள்வது வழக்கமே. அவர் செய்துகொள்ளவில்லை. ஐந்து பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பைத் தாமே ஏற்றார்.

பின்னர் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்தார். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, எளிய குடிலில் வாழத் தலைப்பட்டார். கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை அங்கு நடந்த பணிகள். 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். எழுத்தாளர் கல்கி உடனிருந்து துணை புரிந்தார். குடியினால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் மனைவியும் மக்களுமே என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. தம் வீட்டைப் போலவே பிறர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டும் என்று எண்ணியவரே குடும்பத் தலைவர் என்னும் பெயருக்கு உரியவர். இத்தீவுகளில் வாழும் நமக்கும் இச்செய்தியின் அருமை தெரியும்.

இளைய மகள் இலக்குமியின் திருமணம் அவருடைய தந்தைமைக்கு ஒரு சோதனையாக வந்தது. காந்தியடிகளின் கடைசி மகன் தேவதாசும் இலக்குமியும் ஒருவரையொருவர் விரும்பினர். பெண்ணுக்கு வயது மிகக் குறைவு. குலமும் வேறு, மொழியும் வேறு. தந்தையர் இருவரும் கூடிப் பேசி, ஐந்தாண்டுகள் ஒருவரையொருவர் காணாமல் இருக்க வேண்டும் என்றும், அதன் பின்னும் விருப்பம் மாறாதிருந்தால் மணம் முடிக்கலாம் என்றும் கூறினர். இருவரும் காத்திருந்தனர். 1933 ஜூன் 16ஆம் நாள் புனேயில் திருமணம் நடைபெற்றது. கலப்பு மணத்தைப் பலரும் தூற்றிய காலம் அது. மகளின் மனவுறுதியைச் சோதித்துப் பார்த்த தந்தை, அது உண்மையென்று கண்டபின் ஊராரின் பேச்சைப் பொருட்படுத்தவில்லை.

அம்மணத்தின் பயனாக நான்கு பேரப்பிள்ளைகள் பிறந்தனர்: தாரா, ராஜ்மோகன், இராமச்சந்திரன், கோபாலகிருஷ்ணன். தந்தை வழியில் குஜராத்தி, தாய் வழியில் தமிழ், வளர்ந்த ஊரோ தில்லி. நம் பிள்ளைகளைப் போலவே அவர்களும் தாய்வழித் தாத்தாவின் ஊருக்கு வெகு தொலைவில் வளர்ந்தவர்கள். 1948 ஜனவரி 30 அன்று தந்தைவழித் தாத்தாவாகிய காந்தியடிகள் சுடப்பட்டு இறந்தபோது ராஜ்மோகனுக்கு 12 வயது. கோபாலகிருஷ்ணனுக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் ராஜாஜி கவர்னர் ஜெனரல் பதவியேற்றுத் தில்லியில் அமர்ந்தார். நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர், அவ்வூரிலேயே வாழ்ந்த பேரப்பிள்ளைகளுக்கு எஞ்சியிருந்த ஒரே தாத்தாவும் ஆவார்.

மூத்த மகள் நாமகிரி இளமையிலேயே கணவரை இழந்தவர். அவர் தந்தையிடம் திரும்பி வந்து, நெடுங்காலம் அவருடைய இல்லத்தை நடத்தினார். 1957இல் மருமகன் தேவதாசும் காலமானார். எழுபத்தெட்டு வயதில் இரண்டாம் மகளையும் கைம்மைக் கோலத்தில் கண்டார் ராஜாஜி. புகழும் பதவியும் இத்துயரங்களுக்கு மருந்தாகவில்லை. அவற்றைத் தாங்கிக்கொண்டே எழுதினார், பேசினார். 1962இல், 83ஆம் வயதில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி அமெரிக்காவுக்குச் சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார்.

அவர் பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமன்றி நாட்டின் குழந்தைகள் அனைவருக்கும் விட்டுச் சென்றவை கதைகளே. பாரதத்தை ‘வியாசர் விருந்து’ என்றும், இராமாயணத்தைச் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என்றும் எளிய தமிழில் எழுதினார். பின்னதற்கு 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. இவ்விரு நூல்களும் ஆங்கிலத்திலும் வெளிவந்ததால், தமிழ் படிக்க இயலாத பிள்ளைகளும் அவற்றைப் படித்தனர்.

1972 டிசம்பர் 25 அன்று சென்னையில் ராஜாஜி மறைந்தார். அதன்பின் நிகழ்ந்ததையே நாம் இங்கு சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறோம். பேரர் ராஜ்மோகன் தாத்தாவின் வாழ்க்கையை ஆராய்ந்து 1978இலும் 1984இலும் இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். நாடறிந்த தலைவருக்கே, அவரை வீட்டு மனிதராகவும் அறிந்த பேரர் ஒருவர் எழுத வேண்டியிருந்தது.

அவ்வாறாயின், நம் தாத்தாக்களுக்கு யார் எழுதுவார்? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். அவர்களுடைய முன்னோர் பல வழிகளில் வந்தனர். துறைமுகத்துக்கும், சாத்தத்தில் 1883இல் தொடங்கிய மரம் அறுக்கும் ஆலைக்கும், சாலைப் பணிக்கும் வந்தவர் உண்டு. பர்மாவிலிருந்து திரும்பியவர் உண்டு. 1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களை விட்டு வந்து, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர் உண்டு. சென்னையிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கப்பற்பயணம். கப்பல் வந்தால்தான் கடிதம் வரும் என்று காத்திருந்த காலத்தைக் கண்டவர்கள் அவர்கள்.

அவர்களிடம் சான்றாக இருந்தவை சில காகிதங்களே. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கச்சாலில் மனிதரையும் வீடுகளையும் வாரிச் சென்றபோது அத்தகைய காகிதங்களும் போயின. எஞ்சியிருப்பது முதியோரின் நினைவு மட்டுமே. அம்முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பேரப்பிள்ளைகளோ பள்ளியிலும் கடைத்தெருவிலும் இந்தியே பேசி வளர்கின்றனர். தாத்தா தமிழில் சொல்வதைப் பேரன் பாதியே புரிந்துகொள்ளும் காலம் சில வீடுகளில் வந்துவிட்டது.

ஆதலின் வாசக அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாத்தாவின் அருகில் அமருங்கள்; பாட்டியையும் விட்டுவிடாதீர்கள். பிறந்த ஊர் எது, உடன் வந்தவர் யார், வந்த கப்பல் எது, முதல் வேலை என்ன, முதற்கூலி எவ்வளவு, ஊருக்கு எழுதிய முதற்கடிதத்தில் என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளே கேட்கட்டும், தமிழிலேயே கேட்கட்டும். அவர்களுக்குத் தமிழ் எழுத வராவிடில் பெற்றோர் எழுதிக்கொள்க. ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று சொந்த ஊரிலுள்ள உறவினர்க்குச் செல்லட்டும்.

நம் தாத்தாக்கள் கவர்னர் ஜெனரலாக இருந்தவர்கள் அல்லர். ஆயினும் மூட்டையும் முடிச்சுமாகக் கடல் கடந்து வந்து, நமக்கு ஒரு கூரையும் நாலெழுத்தும் கொடுத்தவர்கள். அதை எழுதி வைக்க நாற்பது பக்க நோட்டுப்புத்தகம் ஒன்றே போதும். இந்த மாதமே அதை வாங்குவோம்.