தோளோடு தோள் மோதும் வயது

2017 அக்டோபர் 9, டெல்லி ஜவாஹர்லால் நேரு அரங்கம். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக 82-ஆவது நிமிடத்தில் சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னர் பந்தை, ஜீக்சன் சிங் எம்பித் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். உலகக் கால்பந்து சம்மேளனம் நடத்தும் உலகக் கோப்பைகளில் இந்தியா அடித்த முதல் கோல் அது. அரங்கம் கொண்டாடி முடிப்பதற்குள், அடுத்த நிமிடமே கொலம்பியாவின் பெனலோசா தனது இரண்டாவது கோலை அடித்தார். ஆட்டம் 1-2 என்று கைநழுவியது. அதற்கு மூன்று நாள் முன்பு அமெரிக்காவிடம் 0-3. மூன்று நாள் கழித்து கானாவிடம் 0-4. மூன்று ஆட்டங்களோடு இந்தியச் சிறுவர்கள் வெளியேறியபோது, தேநீர்க் கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை கேட்ட தீர்ப்பு ஒன்றுதான்: நம் பையன்களுக்கு உடம்பு போதாது. ஆகவே உயரமான, வாட்டசாட்டமான பையன்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தத் தீர்ப்பின் முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதி தவறு மட்டுமல்ல, நம் கால்பந்துக்கு நேரடியான கேடு.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். கானா ஆட்டத்தைப் பார்த்த எவரும் உடல் வேறுபாட்டைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கால்பந்தில் உடல் வலு என்பது இடித்துத் தள்ளுவது மட்டுமல்ல. எதிராளியை முதுகால் தடுத்துக்கொண்டு பந்தைக் காலடியில் வைத்திருப்பது, நின்ற இடத்திலிருந்து முதல் நான்கைந்து அடியில் முந்துவது, வானில் வரும் பந்துக்கு இடம்பிடிப்பது, மோதலுக்குப் பின் சிதறி விழும் பந்தை முதலில் எட்டுவது எல்லாமே அதில் அடங்கும். இவை ஒவ்வொன்றிலும் பின்தங்கும் அணிக்கு யோசிக்க நேரம் குறைகிறது. அரை நொடி குறைந்தால் பாஸ் அவசரத்தில் போகிறது, முதல் தொடுதல் நீண்டுவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பையனுக்கு ஆடத் தெரியவில்லை என்று தோன்றும். தெரிந்த ஆட்டத்தை ஆட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதே நடந்தது. மெஸ்ஸி குள்ளம்தானே, உடம்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். மெஸ்ஸியின் உயரம் குறைவு. அவரைச் சாய்ப்பது எளிதாக இருந்ததில்லை.

ஆனால் அந்த ஒன்பது கோல்களும் எப்போது விழுந்தன என்று பாருங்கள். அமெரிக்கா: 30, 51, 84-ஆவது நிமிடங்கள். கொலம்பியா: 49, 83. கானா: 43, 52, 86, 87. ஒன்பதில் மூன்று, இடைவேளை முடிந்து வந்த ஏழு நிமிடங்களுக்குள் விழுந்திருக்கின்றன. நான்கு, 83-ஆவது நிமிடத்துக்கும் 87-ஆவது நிமிடத்துக்கும் இடையில். எதிரணியின் உயரம் இடைவேளையில் கூடிவிடுவதில்லை. உயரமும் எடையும் மட்டுமே காரணம் என்றால் கோல்கள் ஆட்டம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். அமெரிக்காவின் மூன்றாவது கோல் வந்த விதத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்: அன்வர் அலி அடித்த பந்து கோல் கம்பத்தின் மேற்சட்டத்தில் பட்டுத் திரும்பியது, அங்கிருந்து கிளம்பிய எதிர்த்தாக்குதலில் கோல் விழுந்தது. நம்முடைய கோலைக் கொண்டாடிய கையோடு கொலம்பியாவிடம் வாங்கியதும் இதே வகை. ஆட்டம் திடீரென்று திசை மாறும் கணத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது உடம்பில் பதிந்திருக்கவில்லை. கானா ஆட்டத்தின் கடைசிக் கோல்கள் ஏழு நாளில் மூன்றாவது ஆட்டம் ஆடிய கால்களின் களைப்பையும் காட்டுகின்றன. ஒன்பது கோல்களை வைத்துப் பெரிய விதி எழுத முடியாதுதான். இருந்தாலும் அவை சுட்டும் திசை தெளிவு. கடுமையான ஆட்டங்களை அடிக்கடி ஆடிப் பழகாத அணி, கவனமும் மூச்சும் தளரும் நேரங்களில் சரிந்திருக்கிறது. மோதி மோதித்தான் மூச்சு வாங்கியது, ஆக அதுவும் உடம்புக் குறைதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் அந்தக் குறையைத் தீர்ப்பது ஆட்டங்களின் எண்ணிக்கை; உயரம் அளக்கும் அளவுகோல் அல்ல.

உயரமான பையன்களைப் பொறுக்கி எடுப்பதில் என்ன கேடு? ஆண் பிள்ளைகள் வேகமாக வளரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி உச்சத்துக்கு வருகிறது. இது சராசரிதான். சிலருக்கு 12-லேயே வந்துவிடும், சிலருக்கு 16 ஆகும். தசை வலு அதற்கும் சற்றுப் பின்னால்தான் சேரும். ஒரே வயதுச் சான்றிதழ் வைத்திருக்கும் இரண்டு பையன்களின் எலும்பு முதிர்ச்சியில் இரண்டு, மூன்று ஆண்டு வேறுபாடு இருப்பது சாதாரணம். போதாக்குறைக்கு, வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவனாக அதே அணித் தேர்வுக்கு வந்து நிற்கிறான். பன்னிரண்டு வயதில் ஒரு வருடம் என்பது பெரிய இடைவெளி. பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்து காணப்படுவதற்குக் காரணம் இதுதான். குறுவை அறுக்கும் நாளில் சம்பா வயலில் இறங்கி, கதிர் முற்றவில்லை என்று உழுது போடுபவர் எவரும் இல்லை. மாவட்ட அணித் தேர்வுகளில் நாம் செய்வது அதைத்தான். உயரமானவனைத் தற்காப்பில் நிறுத்தி, வேகமானவனை முன்னால் ஓடவிட்டு, நீளப் பந்து அடித்தால் 13 வயதுப் போட்டியில் கோப்பை கிடைத்துவிடும். 18 வயதில் மற்றவர்களும் வளர்ந்து வந்து சேர்ந்த பிறகு, உயரத்தை மட்டுமே நம்பி ஆடியவனிடம் வேறு எதுவும் மிஞ்சியிருக்காது. சின்னவன் என்று திருப்பி அனுப்பப்பட்டவனோ அதற்குள் ஆட்டத்தையே விட்டிருப்பான்.

எதிரணிப் பையன்கள் வயதை மறைத்து வந்தவர்கள் என்ற சந்தேகமும் நம்மிடையே உண்டு. அந்தச் சந்தேகம் வரலாற்றில் வேரில்லாதது அல்ல. பிறந்த தேதிகளில் முரண்பாடு காரணமாக நைஜீரியா 1989-இல் சர்வதேச இளையோர் போட்டிகளிலிருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்து, எலும்பின் வளர்ச்சி முற்றுப்பெற்றிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தச் சோதனை முழுமையானதல்ல. இருந்தாலும், வயது வரம்புக்குள் நேர்மையாக வரும் இருவரிடையே இருக்கும் வளர்ச்சி வேறுபாட்டை எந்தக் கருவியும் அழித்துவிடாது. தோல்விக்கு இந்தச் சந்தேகத்தைக் காரணமாக்கினால், நாம் திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விட்டுவிடுவோம்.

உடல் குறைவை ஆட்டத்தால் ஈடுகட்ட முடியும் என்பதற்கு அதே போட்டியிலேயே சான்று இருக்கிறது. சாம்பியனான இங்கிலாந்து இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 5-2 என்று வீழ்த்திய அணி. ஃபில் ஃபோடனும் ரியான் பிரூஸ்டரும் இருந்த அணி. அதை 16 அணிகள் கொண்ட சுற்றில் ஒரு கோலும் அடிக்கவிடாமல் நிறுத்தி, பெனால்டி வரை இழுத்துச் சென்றது ஜப்பான். ஜப்பானியப் பையன்கள் உயரத்துக்குப் பெயர் பெற்றவர்கள் அல்ல. பந்து வந்து சேரும் முன்பே திரும்பிப் பார்த்து, அடுத்து எங்கே அனுப்புவது என்று முடிவெடுத்திருப்பார்கள். மோதல் நிகழும் முன்பே பந்து காலைவிட்டுப் போயிருக்கும். 2010-இல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றபோது அதன் நடுக்களத்தை நடத்திய சாவி 170 செ.மீ., இனியெஸ்டா 171 செ.மீ. உயரம்தான். பிரான்ஸில் பல பயிற்சிக் கழகங்கள் சின்னப் பையன் என்று நிராகரித்த அந்துவான் கிரீஸ்மான், எல்லை தாண்டி ஸ்பெயினின் ரியல் சோசியெடாடில் வளர்ந்து, 2018-இல் பிரான்ஸுக்கு உலகக் கோப்பை வென்று தந்தவர்களில் ஒருவரானார். இப்படி இழக்கும் பையன்களைக் காப்பாற்ற பெல்ஜியம் ஓர் ஏற்பாட்டையே செய்திருக்கிறது: தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தனித் தேசிய இளையோர் அணி. இங்கிலாந்தில் சில கழகங்கள் பிறந்த ஆண்டை விட்டுவிட்டு, உடல் முதிர்ச்சியை வைத்துப் பையன்களைப் பிரித்து ஆடவைத்துப் பார்த்தன. அதில் சின்னவனுக்குப் பந்து கிடைக்கிறது. பெரியவன் தோளை நம்ப முடியாமல் மூளையை நம்ப வேண்டியதாகிறது. இரண்டாவது பயன் முதலாவதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

நம் இனத்தின் உடல்வாகே இப்படித்தான் என்று ஒரு சாரார் சொல்வார்கள். தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரே நூற்றாண்டில் ஏறத்தாழ 20 செ.மீ. கூடியது, ஈரானிய ஆண்களின் உயரம் 16 செ.மீ.க்கு மேல் கூடியது. மரபணு நூறு ஆண்டில் மாறிவிடவில்லை, மாறியது சாப்பாடும் சுகாதாரமும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 19 வயதுள்ள ஆண் பிள்ளைகளில் 31 சதவீதம் பேருக்கும், பெண் பிள்ளைகளில் 59 சதவீதம் பேருக்கும் இரத்தசோகை. இரத்தத்தில் இரும்பு குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். கடைசிப் பத்து நிமிடம் ஓட முடியாது. தேசிய முகாமுக்கு வந்த பிறகு முட்டையும் இறைச்சியும் போடலாம். ஆனால் முகாமுக்கு வந்து சேரும் முன்பே எத்தனை பிள்ளைகள் கழன்று விழுந்திருப்பார்கள்? 2022-இல் புவனேஸ்வரில் நம் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அமெரிக்காவிடம் 0-8 என்று தோற்றபோது அந்தப் பதினொரு பேரை மட்டுமே குறை கூறியவர்கள் இந்த 59 சதவீதத்தை மறந்துவிட்டார்கள். பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் போடும் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் கால்பந்துக்கும் ஏதோ செய்துகொண்டிருக்கின்றன, அதற்காகத் திட்டமிடாவிட்டாலும்.

சாப்பாட்டின் பலன் கிடைக்க ஒரு தலைமுறை ஆகும். ஆட்டங்களின் பலன் ஒரே பருவத்தில் தெரியும். அதுவும் இந்தப் பையன்களிடமே தெரிந்தது. உலகக் கோப்பை முடிந்ததும் அவர்களில் பலரை இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஐ-லீக்கில் இறக்கினார்கள். பெரியவர்களுக்கு எதிராக, வெளிநாட்டு வீரர்களுக்கு எதிராக, 18 ஆட்டங்கள். முதல் ஆட்டத்திலேயே சென்னை சிட்டி அணியை 3-0 என்று வென்றார்கள். பருவ முடிவில் கடைசி இடம்தான் கிடைத்தது. வளர்க்கும் அணி என்பதால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கும் விதியிலிருந்து அவர்களுக்கு விலக்கு இருந்தது. 2018 ஆகஸ்டில் ஸ்பெயினில் நடந்த கோட்டிஃப் போட்டியில், பத்துப் பேராகக் குறைந்த நிலையிலும், 20 வயதுக்குட்பட்ட அர்ஜென்டினா அணியை 2-1 என்று தோற்கடித்த இந்திய அணியில் இந்தப் பையன்களும் இருந்தார்கள். வெற்றிக் கோலை அடித்தவர் டெல்லியில் மேற்சட்டத்தில் பந்தடித்த அதே அன்வர் அலி. அதே போட்டியில் மவுரித்தேனியாவிடம் தோற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வெற்றி எல்லாவற்றையும் நிரூபித்துவிடாது. ஆனால் பத்து மாதத்தில் அவர்கள் உயரம் பெரிதாக மாறியிருக்காது. மாறியது, இடி வாங்கிய பிறகும் நின்று ஆடும் பழக்கம்.

அந்த ஆரோஸ் அணி 2022-இல் நிறுத்தப்பட்டது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கழகங்களே இளையோரை வளர்க்கும் என்பது இப்போதைய நம்பிக்கை. நடைமுறை வேறு. கழகங்கள் வெளிநாட்டு வீரர்களைப் பெரும்பாலும் நடுத் தற்காப்பிலும், நடுக்களத்தின் மையத்திலும், கோல் அடிக்கும் முன்வரிசையிலும் நிறுத்துகின்றன. உடல் மோதல் அதிகம் நடக்கும் இடங்களே அவைதான். அங்கே ஆடும் வயதுடைய இந்தியப் பையன் ஓரங்களுக்குத் தள்ளப்படுகிறான், இல்லை மாற்று வீரர்களின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வாரம் ஒருமுறை, எட்டு ஒன்பது மாதம், அதே மைய இடத்தில், தன்னைவிட வலுவானவர்களோடு மோதும் ஆட்டம் தேவை. ஆரோஸ் போல் ஓர் அணியாகவோ, கழகங்களின் இரண்டாம் அணிகள் பெரியவர்களோடு ஆடும் கீழ்ப்பிரிவு லீக்காகவோ அது இருக்கலாம். அந்த அணி தோற்றுக்கொண்டே இருந்தாலும் கலைக்கக் கூடாது. அந்தச் செலவை ஏற்க இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தயாராகாதவரை, அடுத்த உலகக் கோப்பைக்கு எவ்வளவு உயரமான பையன்களை அனுப்பினாலும் 83-ஆவது நிமிடத்தில் நிலைமை மாறாது.