தவளைத் தோலின் கேடயம்

கிருமிகள் மலிந்த நீரில் வாழும் தவளையின் காயம் சீழ் பிடிக்காமல் ஆறுவது எங்ஙனம்? இவ்வினாவை எழுப்பியவர் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப். ஆய்வின்பொருட்டு ஆப்பிரிக்க நகத்தவளைகளுக்கு அறுவை செய்து, தையலிட்டு, மீண்டும் தொட்டி நீரிலேயே விட்டபோதும் புண்கள் செவ்வனே ஆறியதை அவர் கண்டார். காரணம் தேடி, 1987ஆம் ஆண்டில் அத்தவளைத் தோலில் இரு பெப்டைடுகளைக் கண்டறிந்து வெளியிட்டார். பெப்டைடு என்பது சிறு புரதத் துண்டு. இவை ஒவ்வொன்றிலும் 23 அமினோ அமிலங்களே உள்ளன. கேடயத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லையொட்டி இவற்றுக்கு 'மெகைனின்' எனப் பெயரிட்டார்.

இக்கேடயம் தொழிற்படும் முறையைக் காண்போம். பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வு ஈரடுக்குக் கொழுப்பால் ஆனது. உள்ளிருப்பவை கசியாமல் காப்பது அதுவே. அதன் புறப்பரப்பு எதிர்மின் தன்மையது. மெகைனினோ நேர்மின் தன்மையது. எனவே மெகைனின் அச்சவ்வினால் ஈர்க்கப்படுகிறது. நீரில் ஒழுங்கின்றி இருந்த அது, சவ்வைச் சேர்ந்ததும் சுருள் வடிவம் கொள்கிறது. அச்சுருளின் ஒரு பக்கம் நீரை நாடும். மறுபக்கம் கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் பக்கம் சவ்வினுள் புதைகிறது. சுருள்கள் பல திரண்டதும் சவ்வு வளைந்து, அதில் துளைகள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே உள்ளிருக்கும் அயனிகள் வெளியேற, பாக்டீரியா மடிகிறது.

நம் உயிரணுக்கள் தப்புவது ஏன்? அவற்றின் சவ்வில் எதிர்மின் கொழுப்புகள் பெரும்பாலும் உட்புறத்திலேயே அமைந்துள்ளன. கொலஸ்டிராலும் சவ்வுக்கு உறுதி அளிக்கிறது. ஆயினும் அளவு மிகுந்தால் அவையும் ஊறுபடக்கூடும்.

மெகைனினைப் பின்பற்றி உருவாக்கப்பட்ட 'பெக்சிகனான்' என்னும் மருந்து, நீரிழிவு நோயாளிகளின் காற்புண்ணுக்குச் சோதிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வென்றது மருத்துவமனைக்கு வந்து சேர்வது எளிதன்று.

பாக்டீரியாவும் வாளாவிருப்பதில்லை. பிற மருந்துகள் கைவிட்டபோது மருத்துவர் நாடும் 'கொலிஸ்டின்' என்பதும் சவ்வைச் சிதைக்கும் பெப்டைடு மருந்தே. தன் புறப்பரப்பின் எதிர்மின் தன்மையைக் குறைத்து அம்மருந்தை விலக்கும் ஆற்றலைப் பாக்டீரியாவுக்கு அளிக்கும் மரபணு ஒன்று, சீனாவில் கண்டறியப்பட்டு 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அது ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்லது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019ஆம் ஆண்டில் தடை செய்ததன் நோக்கம், மனிதருக்கென எஞ்சியுள்ள அம்மருந்தின் ஆற்றலைக் காப்பதே.

கேடயத்தைக் கண்டறிவது அறிஞர் கடன். மருந்தை வேண்டாத இடத்தில் வீணாக்கி அதனை மழுங்கச் செய்யாதிருப்பது நம் அனைவர் கடன்.