அம்மாவின் ஒற்றைத் தலைவலியும் கொஞ்சம் லீக்கேஜ் கரண்ட்டும்

(மூன்றாமாண்டு, மின்னியல் துறை)

லேபில் லீக்கேஜ் கரண்ட் என்றாலே நமக்கு எரிச்சல். ஆனால் நம் நரம்புக்குள் ஒரு லீக்கேஜ் நின்று போனால்தான் வம்பே!

என் ஊர் கொல்லிமலை அரியூர் நாடு. அம்மாவுக்கு மாதத்தில் இரண்டு மூன்று நாள் ஒற்றைத் தலைவலி வரும். முதலில் கண்ணுக்கு முன்னால் வளைந்து வளைந்து மின்னும். அப்புறம் ஒரு பக்க நெற்றி 'விண் விண்' என்று தெறிக்கும், வாந்தி வரும். கதவைச் சாத்தி இருட்டில் படுத்துக்கொள்வார். "வேலைக்குப் பயந்துகிட்டு படுத்துட்டா" என்று அப்பாயி சொல்வதைக் கேட்டே வளர்ந்தேன். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் வலி இரண்டு மடங்காகிவிடும்.

விஷயத்துக்கு வருவோம். மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைக்குத்தான் தெரியும். அங்கிருந்து வலிச் செய்தியைக் கொண்டு போவது, முகத்துக்கும் கிளை விடும் டிரைஜெமினல் நரம்பு. நரம்பு செல் சும்மா இருக்கும்போது அதன் உள்பக்கம் சுமார் 60, 70 மில்லிவோல்ட் நெகடிவ். காரணம் பொட்டாசியம். வெளியே இருப்பதைப் போல சுமார் 30 மடங்கு உள்ளே இருக்கிறது. செல்லின் மேலுறையில் உள்ள புரதத் துவாரங்கள் வழியே அது கசிந்துகொண்டே இருக்கும். பாசிடிவ் அயனி வெளியேற வெளியேற உள்ளே நெகடிவ் நிலைக்கும். இந்தக் கசிவுதான் நரம்புக்கு பிரேக். அது குறைந்தால், செட்டிங் ரொம்பக் குறைத்து வைத்த ரிலே மாதிரி, சின்னத் தூண்டுதலுக்கே 'ட்ரிப்'!

2010-ல் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்தார்கள். இப்படிக் கண் மின்னித் தலைவலி வந்த அத்தனை பேருக்கும் 'டிரெஸ்க்' என்ற பொட்டாசியத் துவாரத்தின் மரபணுவில் இரண்டே எழுத்து விடுபட்டிருந்தது. ஆகா, பிடித்தாயிற்று என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் வேறொரு மாற்றத்தால் டிரெஸ்க் செயலிழந்தவர்களில் சிலருக்குத் தலைவலியே இல்லை! இந்த முடிச்சு 2019-ல் அவிழ்ந்தது. இரண்டு எழுத்து விடுபட்டதால், செல் அந்த மரபணுவை இன்னொரு இடத்திலிருந்தும் படித்து, கூடுதலாக ஒரு துண்டுப் புரதம் செய்துவிடுகிறது. அந்தத் துண்டு டிரெக்-1, டிரெக்-2 என்ற பக்கத்துத் துவாரங்களையும் முடக்குகிறது. ஒரு பேஸ் போனது போதாதென்று மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு போன கதை.

இந்த மரபணுக் கோளாறு அபூர்வம். அம்மாவுக்கும் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. பொங்கல் லீவில் அப்பாயியிடம் கசிவு, பிரேக் என்று என்னால் முடிந்த வரை விளக்கினேன். "என்னமோ சொல்ற போ" என்றார். மறுநாள் அம்மா படுத்தபோது, டி.வி.யை நிறுத்தியது அப்பாயிதான்.